தண்ணியில கார் மாட்டிக்கிச்சா? என்ன அறிகுறி, என்ன பண்ணணும் (வேலூர் மழைக்கு)

இப்ப தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இத படிக்கிறீங்கன்னா, வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா, மொதல்ல சாவியில இருந்து கைய எடுங்க, திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. புஷ் பட்டன் வண்டின்னாலும் அதே தான். அப்படியே நேரா கீழ "தண்ணிக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு"ங்கற இடத்துக்கு போயிடுங்க, மத்தத அப்புறம் படிச்சிக்கலாம்.

மத்தவங்க ஆரம்பத்துல இருந்து வாங்க. 2021 நவம்பர்ல பாலாத்துல ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போச்சே, அந்த வாரம் தான் என் வண்டி இஞ்சின் போச்சு. ஆத்துல இல்ல, காட்பாடி பக்கம் ஒரு சாதாரண தெருவுல, முட்டிக்கும் கீழ இருந்த தண்ணியில. தண்ணி பண்ணத விட அதுக்கப்புறம் நான் பண்ணது தான் இஞ்சின காலி பண்ணிச்சு, அத ஒரு மெக்கானிக் கண்ணுல காட்டி சொன்னப்ப தான் புரிஞ்சுது. அதுல இருந்து ஒவ்வொரு மழைக்கும் யாராவது போன் பண்ணி "வண்டி இப்படி பண்ணுது, இன்னா பண்றது"ன்னு கேக்குறாங்க, எல்லாருக்கும் ஒரே பதில திரும்ப திரும்ப சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

தண்ணி எதிர்ல நிக்குது, போலாமா வேணாமான்னு தெரியல

மொதல்ல ஒண்ணு பாருங்க, தண்ணி நிக்குதா ஓடுதா. ஓடுதுன்னா பேச்சே இல்ல, திரும்பிடுங்க. நம்ம ஊர்ல தரைப்பாலம் எவ்ளோ இருக்குன்னு உங்களுக்கே தெரியும், குடியாத்தத்துல கவுண்டின்யா ஆறு, பொன்னை பக்கம், பாலாத்து மேல அங்கங்க, 2021 வெள்ளத்துல விரிஞ்சிபுரம் தரைப்பாலமே சேதமாச்சு. இதுல பெரிய ஆபத்து என்னன்னா நம்ம தலைக்கு மேல மழையே இல்லாம தண்ணி ஏறும். பொன்னை ஆத்துக்கு தண்ணி ஆந்திரா பக்கம் இருந்து, கலவகுண்டா அணையில இருந்து வருது. கவுண்டின்யாவுக்கு மோர்தானா அணை நிரம்பி வழியுது. காலையில கணுக்கால் அளவு தண்ணியில போன பாலத்துல சாயங்காலம் வானம் வெளுத்து கெடக்கும்போது இடுப்பளவு போவும். அதனால "மழ தான் நின்னு போச்சே"ங்கறது ஒரு காரணமே கெடையாது.

ஏன் ஓடுற தண்ணிக்கு இவ்ளோ பயப்படணும்னா, ஒரு சின்ன கார் அடிப்பக்கம் சுமாரா மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். தண்ணி வண்டியோட அடித்தட்டு மேல 10 சென்டிமீட்டர் ஏறினாலே அது 400, 500 கிலோ தூக்கும். வண்டி வெயிட்டே 800, 900 கிலோ தான். ஆக தரையில இருந்து ஒரு அடி, ஒன்னேகால் அடி தண்ணி வந்தாலே சக்கரம் தரைய விட்டு எழும்ப ஆரம்பிச்சிடும், அப்புறம் பிரேக்கும் இல்ல ஸ்டியரிங்கும் இல்ல, கட்டுமரம் மாதிரி தண்ணி எங்க தள்ளுதோ அங்க போவும். ரெண்டு அடின்னா பெரிய வண்டியையும் இழுத்துடும். ஜீப் மாதிரி உயரமான வண்டி வெச்சிருக்குறவங்க இத கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா தைரியமா எறங்குறதே அவங்க தான்.

தண்ணி நிக்குது, ஓடலன்னா, ஆழம் பாக்கணும். அவசரப்படாம ரெண்டு நிமிஷம் ஓரம் நின்னு முன்னாடி போறவங்கள பாருங்க. பைக் போனா அதோட சைலன்சர் முழுகுதான்னு பாருங்க, ஆட்டோ போனா முன் சக்கரத்துல எவ்ளோ வெளிய தெரியுதுன்னு பாருங்க, நடு மீடியன் கல்லு எவ்ளோ வெளிய நிக்குதுன்னு பாருங்க. உங்க வண்டி சக்கரத்துல பாதிக்கு மேல தண்ணி ஏறும்னு தோணுச்சுன்னா போவாதீங்க. சின்ன வண்டி டயர் மொத்த உயரமே 53ல இருந்து 62 சென்டிமீட்டர் வரைக்கும் தான், அதுல பாதின்னா சுமாரா ஒரு அடி தான்.

ரயில்வே கீழ்பாலத்துல இந்த கணக்கு எதுவும் வேலைக்கு ஆகாது. தண்ணி மேல மட்டமா தெரியும், ஆனா ரோடு கீழ சரிஞ்சிக்கிட்டே போவுது, நுழையுற எடத்துல கணுக்கால், நடுவுல கழுத்து. முன்னாடி போன வண்டியும் நடுவுல போய் தான் நிக்கும். அங்க கேட் போட்டு மூடலன்னாலும் நீங்களே மூடியிருக்கிறதா நெனச்சிக்கோங்க.

ஊருக்குள்ள இன்னொரு பிரச்சினை பள்ளம். பாதாள சாக்கடைக்கு தோண்டி மேல மண்ணு போட்ட எடம், மூடி இல்லாத கால்வாய், இதெல்லாம் தண்ணிக்கு அடியில தெரியாது. கன்சால்பேட்டை மாதிரி நிக்கல்சன் கால்வாய் ஓரத்துல இருக்குற ஏரியாவுல கால்வாய் எது ரோடு எதுன்னே தெரியாம போயிடும். தெனமும் போற ரோடா இருந்தா நடு ரோட்டுலயே போங்க, ஓரம் கட்டாதீங்க. தெரியாத ரோடுன்னா போவவே வேணாம். ஈபி கம்பி அறுந்து தொங்குற மாதிரியோ, போஸ்ட் சாஞ்ச மாதிரியோ தெரிஞ்சா அந்த தெருவுலயே நுழையாதீங்க, ஈபி புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் போட்டு சொல்லிடுங்க.

ஒரு வேலை மட்டும் இன்னைக்கே பண்ணுங்க, வெயில் அடிக்கும்போது. பானெட்ட தொறந்து ஏர் ஃபில்டர் டப்பாவுல இருந்து முன்னாடி போற குழாய தேடி புடிங்க. இஞ்சின் மூச்சு விடுற மூக்கு அது தான். நான் டெய்லர் டேப் எடுத்து அளந்து பாத்தேன், நல்ல உயரத்துல தான் இருந்துச்சு, ஹெட்லைட் பின்னாடி, ஆனா வாய் முன்பக்கமா பாத்துக்கிட்டு இருந்துச்சு, அதாவது தண்ணி அல அடிச்சா நேரா உள்ள. என் வண்டிக்கு ஆனது அது தான்.

உள்ள எறங்கிட்டேன், வண்டி திணறுது, பிக்கப் இல்ல, குலுங்குது

பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துடாதீங்க. ஃபர்ஸ்ட் கியர், ஒரே சீரா ஆக்சிலரேட்டர், ஆர்பிஎம் மீட்டர்ல 1500ல இருந்து 2000 வரைக்கும், மனுஷன் வேகமா நடக்குற வேகம், அவ்ளோ தான். கியர் மாத்தாதீங்க, நடுவுல நிக்காதீங்க. ஆட்டோமேட்டிக்னா லோ கியர்லயோ மேனுவல் மோடுல ஒண்ணுலயோ போட்டு லாக் பண்ணிக்கோங்க.

ஏசிய நுழையுறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணியிருக்கணும், பண்ணலன்னா இப்ப பண்ணுங்க. ஏசி போட்டா முன்னாடி ஃபேன் சுத்தும், அது தண்ணிய வாரி இஞ்சின் மேல எல்லாம் அடிக்கும், ஃபேன் றெக்கை கூட உடையும்.

"சைலன்சர்ல தண்ணி போவாம இருக்க நல்லா முறுக்கு"ன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, அது பாதி தான் உண்மை. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்குற வரைக்கும் சீரா போற புகையே தண்ணிய வெளிய தள்ளும், ஓவரா முறுக்கி வேகமா போனா வண்டி முன்னாடி அல எழும்பி நேரா அந்த மூக்குக்குள்ள போவும். மெதுவா ஒரே வேகத்துல போனா அல நம்மள விட்டு முன்னாடி தள்ளிக்கிட்டு போவும், பின்னாடி பானெட்டுக்கு கீழ தண்ணி கொஞ்சம் கம்மியாவே இருக்கும், அந்த அலைய முந்தவும் கூடாது, விட்டுடவும் கூடாது.

எதிர்ல பஸ்ஸோ லாரியோ வந்தா அது தள்ளுற அல உங்க வண்டி பானெட் வரைக்கும் வரும். முடிஞ்சா அந்த வண்டி கடந்து போன அப்புறம் எறங்குங்க. எனக்கு ஆனதே இப்படி தான், தண்ணி முட்டிக்கு கீழ தான், எதிர்ல ஒரு டவுன் பஸ் வந்துச்சு, தண்ணி கிரில்லுல மொத்துன சத்தம் கேட்டுச்சு, அடுத்த ரெண்டு செகண்டுல ஆஃப்.

தண்ணிக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு

இங்க தான் இஞ்சின் பொழைக்குதா சாவுதான்னு முடிவாவுது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

இஞ்சின் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல ஏறும்போது காத்த அழுத்தும். காத்து அழுங்கும், தண்ணி அழுங்காது. 1000 சிசி மூணு சிலிண்டர் பெட்ரோல் வண்டிய எடுத்துக்கோங்க, ஒரு சிலிண்டருக்கு 333 சிசி, கம்ப்ரஷன் 10க்கு 1ன்னு, அதாவது காத்த பத்துல ஒரு பங்கா அழுத்துறதுன்னு வெச்சா பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல மிச்சம் இருக்குற எடம் 37 மில்லி தான். ரெண்டரை டேபிள் ஸ்பூன் தண்ணி, அவ்ளோ தான். அதுக்கு மேல ஒரு சிலிண்டர்ல தண்ணி இருந்தா பிஸ்டன் மேல போவ எடமே இல்ல. டீசல் வண்டின்னா கம்ப்ரஷன் இன்னும் ஜாஸ்தி, 20 மில்லியே போதும்.

இந்த நெலமையில ஸ்டார்ட் பண்ணா ஸ்டார்ட்டர் மோட்டார் தள்ளும், தண்ணி விடாது, நடுவுல மாட்டுறது கனெக்டிங் ராடு, பிஸ்டன மேல தள்ளுற இரும்பு கம்பி. அது வளையும். இல்ல மத்த சிலிண்டர் ஒண்ணு பத்திக்கிச்சுன்னா அந்த வேகத்துல ராடு உடைஞ்சி இஞ்சின் பிளாக்க குத்திக்கிட்டு வெளிய வந்துடும். ஆஃப் ஆன ஒடனே விட்டிருந்தா அநேகமா தண்ணிய எடுத்துட்டு ஆயில் மாத்தி ஓட்டிட்டு போயிருக்கலாம்.

ஆனா அந்த நேரத்துல மனசு கேக்காது. நைட்டு எட்டு மணி, மழ கொட்டுது, பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிக்குது, கொழந்த அழுவுது, பின் சீட்டுல இருந்து எங்க மாமா "இன்னொரு தபா அடிச்சி பாரு மாப்ள, புடிச்சிக்கும்"னார், ரோட்டோரம் நின்னவங்களும் அதையே சொன்னாங்க. நானும் அடிச்சேன். மொத தடவ "டொக்"ன்னு ஒரு சத்தம், சுத்தவே இல்ல. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவ சுத்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். அந்த சுத்து தான் ராடு வளைஞ்சதுனால சுத்துன சுத்துன்னு அப்ப தெரியாது.

கஸ்பா பக்கம் ஷெட் வெச்சிருக்குற ஒரு பாய் தான் இஞ்சின பிரிச்சார். தினத்தாள் விரிச்சி மூணு ராடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார். பாத்தா மூணும் ஒண்ணா தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு இரும்பு ஸ்கேல எடுத்து ஒவ்வொண்ணு மேலயும் வெச்சி காட்டினார், ரெண்டுல ஸ்கேல் அப்படியே ஒட்டிக்கிட்டு உக்காந்துச்சு, மூணாவதுல ஸ்கேலுக்கும் ராடுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது, ஒரு நெல்லு நுழையுற அளவு. "இது தண்ணி பண்ணல தம்பி, உன் கை பண்ணிச்சி"ன்னார். திட்டல, மெதுவா தான் சொன்னார். எனக்கு இன்னும் அந்த ஸ்கேல் தான் கண்ணுல நிக்குது.

அதனால ஆஃப் ஆனா இத பண்ணுங்க. சாவிய திருப்பி இக்னிஷன முழுசா ஆஃப் பண்ணுங்க, ஹசார்ட் லைட் மட்டும் போதும். தண்ணி ஏறலன்னா, ஓடலன்னா, கியர நியூட்ரல்ல போட்டு ரெண்டு பேர் எறங்கி மேடான எடத்துக்கு தள்ளுங்க. கியர்ல போட்டு தள்ளி ஸ்டார்ட் பண்றது சாவி போடுற மாதிரியே தான், அதுவும் வேணாம். ஆட்டோமேட்டிக் வண்டிய நாலு சக்கரமும் மேல ஏத்துற பிளாட் வண்டியில தான் கொண்டு போவணும், கயிறு கட்டி இழுத்தா கியர்பாக்ஸும் சேர்ந்து போயிடும். மேட்டுக்கு வந்ததும் பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டிடுங்க. ஹைவேயில, அதாவது சத்துவாச்சாரியோ பள்ளிகொண்டாவோ அந்த சென்னை பெங்களூரு ரோட்டுல மாட்டினீங்கன்னா நேஷனல் ஹைவே உதவி நம்பர் 1033க்கு அடிங்க.

மெக்கானிக் வந்தா அவர் பண்ண வேண்டியது ஏர் ஃபில்டர தொறந்து பாக்குறது. ஃபில்டர் காஞ்சி இருந்தா பெரும்பாலும் இஞ்சினுக்குள்ள தண்ணி போகல, காயில், சென்சார், வயரிங்ல தண்ணி பட்டு ஆஃப் ஆயிருக்கும், காய வெச்சா சரியாவும். ஃபில்டர் நனைஞ்சிருந்தா ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு தான் இஞ்சின கையால சுத்தணும், தண்ணி பிளக் ஓட்டை வழியா பீச்சிக்கிட்டு வெளிய வரும், டீசல்னா இன்ஜெக்டரோ குளோ பிளக்கோ கழட்டணும். யாராவது வந்து ஃபில்டர கூட பாக்காம நேரா ஸ்டார்ட் பண்ண போனார்னா தைரியமா நிறுத்துங்க. வண்டி உங்களுது.

வண்டி ஆஃப் ஆகல, ஆனா ஸ்டியரிங் திடீர்னு லேசா ஆயிடுச்சு, பின்பக்கம் நகருது

மிதக்குது. வண்டிய விட்டுடுங்க. சீட் பெல்ட்ட கழட்டி, ஜன்னல் கண்ணாடிய உடனே எறக்குங்க, கரண்ட் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தான் பவர் விண்டோ வேலை செய்யும். மொதல்ல கொழந்தைங்க, பெரியவங்க, அப்புறம் நீங்க, தண்ணி வேகம் வராத பக்கத்து ஜன்னல் வழியா வெளிய வந்து வண்டி மேல ஏறுங்க. ஓடுற தண்ணி அரை அடி ஆழம் இருந்தாலே ஆள சாய்ச்சிடும்ங்கறத மனசுல வெச்சிக்கோங்க, கயிறோ ஆளோ இல்லாம எறங்கி நடக்க பாக்காதீங்க. 112க்கு அடிங்க, மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077.

கதவு தொறக்கல

வெளிய இருக்குற தண்ணி கதவ அழுத்திக்கிட்டு இருக்கு, எவ்ளோ ஒதைச்சாலும் வராது. ஜன்னல் வழி தான். கண்ணாடி எறங்கலன்னா பக்கத்து ஜன்னலோட மூலைய பாத்து அடிங்க, நடுவுல இல்ல. சீட்டு மேல தலைக்கு வெச்சிருக்குற ஹெட்ரெஸ்ட்ட உருவினா கீழ ரெண்டு இரும்பு கம்பி இருக்கும், அது உதவும், எல்லா வண்டியிலயும் உருவ வராது, உங்க வண்டியில வருதான்னு இப்பவே பாத்துக்கோங்க. முன் கண்ணாடிய அடிச்சி நேரத்த வீணாக்காதீங்க, அது நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வெச்ச கண்ணாடி, விரிசல் விடும், உதிராது.

தண்ணிய தாண்டி வந்துட்டேன், பிரேக் புடிக்கல

பேடும் டிரம்மும் நனைஞ்சிருக்கு. பின்னாடி வண்டி இல்லாத எடத்துல மெதுவா ஓட்டிக்கிட்டே பிரேக் பெடல லேசா ஒரு பத்து செகண்ட் அழுத்தி விடுங்க, நாலஞ்சி தடவ. சூட்டுல காஞ்சிடும். கர்ருன்னு சத்தம் வந்தா மணல் மாட்டியிருக்கு, பாலாத்து மணல் மாதிரி பொடி மணல் டிரம்முக்குள்ள போய் உக்காந்துக்கும், சர்வீஸ்ல சக்கரத்த கழட்டி தட்டி சுத்தம் பண்ண சொல்லுங்க. பெடல் ஸ்பாஞ்சு மாதிரி உள்ள போனா அது வேற விஷயம், ஓட்டாதீங்க.

காலையில ஹேண்ட் பிரேக் விட மாட்டேங்குது

நைட்டு ஈரத்தோட ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தினா துரு புடிச்சி டிரம்மோட ஒட்டிக்கும். முன்னாடி பின்னாடி லேசா அசைச்சா "டப்"ன்னு விட்டுடும். மழைக்காலத்துல மட்டமான தரையில ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வெச்சா போதும்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தம் ஏறுது, வண்டி போவல

கிளட்ச். தண்ணியில ஹாஃப் கிளட்ச்லயே ரொம்ப தூரம் வந்திருப்பீங்க, இல்லன்னா உள்ள தண்ணி போயிருக்கும். ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிட்டு பாருங்க, நனைஞ்சது மட்டும்னா சரியாயிடும், எரிஞ்ச வாசன வந்திருந்தா பிளேட் மாத்த வேண்டி வரும். கீச்சுன்னு கத்தினா பெல்ட் ஈரம், அஞ்சு நிமிஷத்துல நிக்கும்.

டேஷ்போர்டுல லைட்டு எல்லாம் எரியுது, ஹாரன் தானா அடிக்குது, லாக் தானா போடுது

கனெக்டர்ல தண்ணி. இதுக்கு வீட்டுல ஹேர் டிரையர் வெச்சி முயற்சி பண்றவங்க இருக்காங்க, மேலோட்டமா காயும், உள்ள காயாது, பச்சை புடிச்சி ரெண்டு மாசம் கழிச்சி ரோட்டுல நிறுத்தும். பேட்டரிய கழட்டிட்டு வயரிங் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க. ஏபிஎஸ் லைட் மட்டும் எரிஞ்சிக்கிட்டு மத்தது சரின்னா சக்கரத்து கிட்ட இருக்குற சென்சார்ல சேறு தான் பெரும்பாலும், பிரேக் வேலை செய்யும், ஆனா வழுக்குற ரோட்டுல சக்கரம் லாக் ஆவும், பாத்து ஓட்டுங்க.

ஏர்பேக் லைட் எரிஞ்சா மட்டும் சீட்டுக்கு அடியில நீங்களா கைய வெக்காதீங்க.

டிப் ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற கம்பி) ஆயில் டீ கலர்ல வருது

ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. பால் ஊத்தின டீ மாதிரி இருக்கும், அளவும் மேக்ஸ் கோட்டுக்கு மேல ஏறியிருக்கும். இதோட ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, பேரிங் தேஞ்சிடும். ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, திரும்ப இன்னொரு தடவ மாத்தணும், ஒரு தடவ மாத்துனா உள்ள ஒட்டிக்கிட்டு இருக்குறது மிச்சம் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலையும் பாக்க சொல்லுங்க, அத தான் எல்லாரும் மறந்துடுறாங்க, ஆறு மாசம் கழிச்சி கியர்பாக்ஸ் ஊள விடும்போது மழ ஞாபகத்துக்கு வராது.

வீட்டு வாசல்ல நிறுத்தின வண்டி முழுகிடுச்சு

தண்ணி வடிஞ்சதும் ஆசையா ரிமோட்ட அழுத்தாதீங்க. கதவ சாவியால தொறங்க. மொதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, உள்ள தண்ணி நின்ன அடையாளம் சீட்டுல கோடு மாதிரி இருக்கும், அது தெரியுற மாதிரி எடுங்க, அப்புறம் பேட்டரிய கழட்டுங்க. பானெட்ட தொறக்கும்போது கைய நேரா உள்ள விடாதீங்க, ஒரு குச்சியால தட்டி பாருங்க, ஏரி ஓரம், மல அடிவாரம் இருக்குற ஏரியாவுல பாம்பு மேடு தேடி வந்து இஞ்சின் மேல சுருண்டுக்கும், கழிஞ்சூர் ஏரி பக்கம் இருக்குறவங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டியதில்ல.

எலக்ட்ரிக் கார்னா ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது. பேட்டரிக்கு ஐபி 67ன்னு போட்டிருக்கும், ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், நைட்டு முழுக்க முழுகி கெடந்தா அந்த கணக்கு முடிஞ்சிடுச்சு. வீட்ட ஒட்டி நிறுத்தாம தள்ளி திறந்த வெளியில நிறுத்தி வெச்சி கம்பெனி ஆள கூப்பிடுங்க.

கண்ணாடி எல்லாம் புகை, உள்ள ஒரே நாத்தம்

மேட்ட மட்டும் வெளிய எடுத்து வெயில்ல போட்டா போதாது. கார்பெட்டுக்கு அடியில ஸ்பாஞ்சு மாதிரி ஒரு பொருள் இருக்கு, அது ஒரு பக்கெட் தண்ணிய குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். சீட்ட கழட்டி கார்பெட்ட தூக்கி தான் காய வெக்கணும். எங்க வண்டிக்கு மூணு நாள் ஆச்சு, மொட்ட மாடியில போட்டு, அதுவும் நவம்பர் வெயில்ல. அடியில இருக்குற ரப்பர் மூடிய எடுத்தா நின்ன தண்ணி வடிஞ்சிடும், திரும்ப மறக்காம மாட்டணும். சில வண்டியில கம்ப்யூட்டர் பெட்டி முன் சீட்டு கிட்ட கீழயே இருக்கும், அதனால உள்ள தண்ணி வந்திருந்தா இத ஒத்திப் போடாதீங்க.

இன்சூரன்ஸ் கெடைக்குமா

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா கெடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ்ல வெள்ளத்துல ஆன சேதம் வரும், சீட், வயரிங், சுத்தம் பண்றது எல்லாம். ஆனா தண்ணியில ஆஃப் ஆன வண்டிய திரும்ப ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் போச்சுன்னா, அது நீங்க பண்ண சேதம்னு சொல்லி கழிச்சிடுவாங்க. அதுக்குன்னு இஞ்சின் புரொடெக்‌ஷன்னு தனியா ஒரு கவர் இருக்கு, ரினியூவல் போடும்போது கேட்டு வாங்கணும், கேக்கலன்னா பல பேர் சொல்றதில்ல. அது எடுத்திருந்தாலும் திரும்ப திரும்ப ஸ்டார்ட் பண்ணா தகராறு வரும், பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சி பாருங்க. என்கிட்ட அந்த கவர் இல்ல. சர்வேயர் வந்து பாத்தார், வளைஞ்ச ராட கையில எடுத்து பாத்தார், "எத்தன தடவ ஸ்டார்ட் பண்ணீங்க"ன்னு கேட்டார், உண்மைய சொன்னேன். இஞ்சின் செலவு முழுக்க கை காசு தான், வீட்டுல நகை பேங்குக்கு போச்சு.

இன்சூரன்ஸ்காரங்களுக்கு சொல்றதுக்கு முன்னாடி இஞ்சின பிரிக்க விடாதீங்க. அவங்க பாக்காம பிரிச்சா பிரச்சினை.

எல்லாம் சரியாயி ஒரு வாரம் ஆச்சு, இப்ப ம்ம்ம்னு ஒரு சத்தம்

வேகம் ஏற ஏற சத்தமும் ஏறுதுன்னா வீல் பேரிங். கிரீஸ் கழுவிக்கிட்டு போயிருக்கும், உள்ள துரு. வளைவுல திருப்பும்போது ஒரு பக்கம் ஜாஸ்தியா கேக்கும், பொதுவா வலது பக்கம் திருப்பினா சத்தம் கூடுதுன்னா எடது பக்க பேரிங், ஏன்னா வெயிட்டு அந்த பக்கம் சாயும். இது கொஞ்ச நாள் தாங்கும்னு விட்டுட்டு ஏலகிரி, ஜவ்வாது மலை எல்லாம் ஏத்தாதீங்க.

இஞ்சின்ல "டக் டக்"ன்னு புதுசா சத்தம், இல்ல முன்ன விட நடுக்கம், மைலேஜ் கொறைஞ்சிருக்கு, இது மூணுல எது இருந்தாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. பிளக்க கழட்டிட்டு கேஜ் வெச்சி ஒவ்வொரு சிலிண்டரா பாப்பாங்க, அரை மணி நேர வேலை. ஒண்ணு மட்டும் மத்தத விட நல்லா கொறைஞ்சி காட்டிச்சுன்னா ராடு வளைஞ்சி பிஸ்டன் முழு உயரத்துக்கு வரலன்னு சந்தேகப்படணும். வளைஞ்ச ராடோட வண்டி ரெண்டு மாசம் கூட ஓடும், அப்புறம் ஒரு நாள் ஹைவேயில நூறுல போவும்போது உடையும். என் வண்டியும் அந்த மூணாவது சுத்துக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகி ஷெட் வரைக்கும் ஓடிச்சு தான். பாய் சத்தத்த கேட்ட ஒடனே கைய நீட்டி சாவிய அவரே ஆஃப் பண்ணார்.